வேளச்சேரி மோமோ கடையும் இரண்டாவது சட்னியும்

வேளச்சேரி

தண்டீஸ்வரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நேபாளிக் குடும்பம் மோமோ கடை நடத்துகிறது. நாலு மேசை, கலர் கலராக பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் பசுபதிநாதர் காலண்டர். வாசலிலேயே அடுப்பு, அதன் மேல் நாலு அடுக்கு அலுமினிய ஆவிப் பாத்திரம். சிக்கன் மோமோ எட்டு பீஸ் 90 ரூபாய், காய்கறி மோமோ 70. கடைக்காரத் தம்பி, அவர் மனைவி, அவருடைய தம்பி என்று மூன்றே பேர்தான் எல்லா வேலையும்.

அங்கே சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதில் முதல் பத்து மாதம் நான் அந்தக் கடையின் மோமோவைச் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்னை அழைத்துப் போனது பிளஸ் ஒன் படிக்கும் என் பையன். டியூஷன் முடிந்து வரும்போது அங்கே சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம். மைதா, உள்ளே என்ன கறியோ, என்றைக்கு அரைத்ததோ. "நீயே வந்து பாரும்மா" என்றான். போனேன். சமையலறைக்குக் கதவே இல்லை, நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. நான் அரைமணி நேரம் சாப்பிடாமல் வேடிக்கைதான் பார்த்தேன்.

பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதில் நெல்லிக்காய் அளவு உருண்டை கிள்ளி, அப்பளக் குழவி மாதிரி ஒல்லியான கட்டையால் அந்தப் பெண் தேய்த்தார். வலது கை கட்டையை உருட்ட, இடது கை மாவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓரம் மட்டும் மெல்லிசு, நடுவில் கொஞ்சம் தடிப்பு. நடுவும் மெல்லிசானால் கிழிந்து சாறு ஒழுகிவிடுமாம். வெங்காயம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, சீரகத்தூள், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்த கொத்துக்கறியை வேகவைக்காமல் அப்படியே வைத்து, விரல் நுனியால் மடிப்பு மடிப்பாகக் கூட்டி மூடினார்.

நான் பிள்ளையார் சதுர்த்திக்கு முப்பது வருஷமாகக் கொழுக்கட்டை பிடிக்கிறவள். நாம் மாவைக் கொதிநீரில் கிளறி, பூரணத்தையும் முன்னாலேயே கிளறி வைத்துவிடுகிறோம். இட்லிப் பானைக்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்தான். மோமோவில் மாவும் பச்சை, கறியும் பச்சை. பத்துப் பன்னிரண்டு நிமிஷ ஆவியில்தான் எல்லாமே நடக்கிறது. கறியிலிருந்து இறங்கும் சாறு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி நிற்கும். இது தெரியாமல் முதல் மோமோவை முள்கரண்டியால் குத்தினேன். சாறு முழுக்கத் தட்டில் ஓடிவிட்டது. அந்தப் பெண் அடுப்பை விட்டு எழுந்து வந்து, "ஃபோர்க் வேணாம் அக்கா, கை" என்று சொல்லிவிட்டுப் போனார். கையால் எடுத்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்சிவிட வேண்டும்.

தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் சிவப்பாக மிளகாய்ப் பூண்டுச் சட்னி, இன்னொன்றில் மயோனைஸ். எல்லா மோமோ கடையிலும் இதுதானே என்று நானும் அதையே தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டு தடை போட்டது நினைவிருக்கும். முட்டை சேர்க்காத வகைக்குத் தடை இல்லைதான். ஆனால் இந்தத் தம்பி, "வம்பே வேணாம் அக்கா" என்று கிண்ணத்தையே எடுத்துவிட்டார். என் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதைப் பார்த்த அந்தப் பெண் உள்ளே போய், ஒரு தூக்குச்சட்டியிலிருந்து வேறு ஒரு சட்னியை இரண்டு கரண்டி எடுத்து வந்து வைத்தார். "இது எங்களுது. பிடிக்கலைன்னா வெச்சிடுங்க."

ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு நிறம், கொஞ்சம் தளர்வாக இருந்தது. சுட்ட தக்காளியின் புகை வாசம். வறுத்து அரைத்த எள். பச்சை மிளகாய், கொத்தமல்லி. இதெல்லாம் நமக்குத் தெரிந்த ருசிதான். பிறகு நாக்கு நுனியும் உதடும் விறுவிறுவென்று ஆனது. மிளகு காரம் தொண்டையில் பிடிக்கும், இது உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி. கூடவே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அடுத்த மோமோவை எடுக்கத் தோன்றியது.

அந்த விறுவிறுப்புக்குக் காரணம் திமூர். நேபாள மலைகளில் விளையும் மிளகு மாதிரியான காய். நம் மிளகுக்கு உறவில்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. காய்ந்ததும் ஓடு வெடித்துத் திறந்திருக்கும். அந்த ஓட்டில்தான் வாசம், உள்ளே இருக்கும் கறுப்பு விதைக்கு ருசி கிடையாது. அந்தப் பெண் ஒரு சிட்டிகை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஊருக்குப் போகிறவர்கள் வரும்போது கிலோ கணக்கில் கொண்டு வருவார்களாம்.

"இத்தனை நாள் ஏன் இதை எங்களுக்குக் கொடுக்கலை?" என்று கேட்டேன். கடை திறந்த புதிதில் இந்த அச்சாரைத்தான் (தங்கள் சட்னியை அப்படித்தான் சொல்கிறார்கள்) வைத்தார்களாம். ஒருவர் நாக்கு மரத்துப்போய்விட்டது, சாப்பாட்டில் என்ன கலந்தீர்கள் என்று தெருவே கூடுகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறார். அன்றிரவே மிளகாய்ச் சட்னிக்கு மாறிவிட்டார்கள். நமக்குப் பயந்து தங்கள் ருசியைத் தூக்குச்சட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் "உங்க அச்சார்" என்று கேட்டு வாங்குகிறேன். என்னைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அந்தப் பெண் என்னை 'தீதி' என்கிறார், அக்கா என்று அர்த்தம். நான் அவரை 'பைனி' என்கிறேன். தங்கச்சி.

ஒரு நாள் மாலை என் எதிர் ஸ்டூலில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எங்கோ பார்த்த முகம். அவர்தான் முதலில் பேசினார்: "நீங்க நாலாவது வீடு, பச்சை கேட்." எங்கள் தெருவில் இரவு ரோந்து வரும் கூர்க்கா! இருபத்திரண்டு வருஷமாகச் சென்னையில் இருக்கிறார். நடுராத்திரி விசில் சத்தமும் கம்பு தட்டும் சத்தமும் எனக்கு அத்துப்படி. மாதம் பிறந்தால் ஐம்பது ரூபாய் கொடுப்பேன். ஆனால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பெயரைக்கூட அன்றுதான் கேட்டேன்.

ஊர் மேற்குக் கோடியில் அச்சாம் மாவட்டம். டெல்லி வரை ரயில், பிறகு பஸ்ஸில் பன்பசா எல்லை, அதற்கப்புறம் மலைப்பாதை. மோமோவை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "உங்க ஊர்ல அம்மா இப்படித்தான் செய்வாங்களா?" என்று கேட்டேன். "எங்க ஊர்ல மோமோவே கிடையாது அம்மா. அது காத்மாண்டு சாப்பாடு. நான் முதல்ல சாப்பிட்டதே டெல்லியில" என்றார்.

அப்போ வீட்டில்? தீதோ. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டியாகிவிடக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று கையால் காட்டினார். என்ன மாவு என்றால் கோதோ என்றார். எனக்குப் புரியவில்லை. கடைக்காரத் தம்பி போனில் படம் எடுத்துக் காட்டினார். கேழ்வரகு! என் அம்மாவுக்கு ஊர் தர்மபுரி. களி தின்றே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. மெல்லாமல் விழுங்கு என்று அம்மா என் தலையில் குட்டிய குட்டு ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி, கீரைக் கடைசலும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் கூட்டம் வருவதற்கு முன், மூன்று மணிக்கு, ஐந்து பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவர் கட்டைவிரலால் குழி பண்ணிக் குழம்பை வாங்கிய விதம் அப்படியே எங்கள் மாமா. "எங்க அம்மா இன்னும் கெட்டியா கிண்டுவாங்க" என்றார். உண்மைதான், என் அம்மாவும் அதையேதான் சொல்வார்.

2025 செப்டம்பர் 4ஆம் தேதி நேபாள அரசு 26 சமூக ஊடகங்களைத் தடை செய்தது. வாட்ஸ்அப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. பைனி தினமும் மாலையில் போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே மோமோ மடிப்பார். அந்த நாட்களில் போன் இருட்டாகச் சாய்ந்திருந்தது. 8ஆம் தேதி போராடிய இளைஞர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். பைனியின் அக்கா பையன் காத்மாண்டுவில் கல்லூரி படிக்கிறான். மறுநாள் நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகிய செய்தி வந்தபோது நான் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அடுப்பில் ஆவி இல்லை. தடை எடுத்தாகிவிட்டது என்றார்கள், ஆனால் பையன் எதிலும் கிடைக்கவில்லை. என் போனிலிருந்து சாதாரண அழைப்பாக அக்கா வீட்டு எண்ணுக்குப் போட்டோம். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். பையன் வீட்டில்தான் இருந்தான், போன் உடைந்துவிட்டதாம். பைனி ரொம்ப நேரம் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் புரிந்தது. எட்டரை மணிக்கு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

உங்கள் பக்கத்திலும் இப்படிக் கடைகள் இருக்கும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பெரம்பூர்

அக்கா, கொழுக்கட்டை ஒப்பீட்டைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் வீட்டில் இட்லிப் பானையில் மோமோ செய்கிறோம். முதல் மூன்று தடவை தோல்விதான். இட்லித் துணி போட்டு வைத்தேன், தோல் துணியோடு பிய்ந்து வந்தது. குழித்தட்டும் ஒத்துவராது, அடியில் தண்ணீர் தேங்கிக் கொழகொழத்துவிடும். இடியாப்பத் தட்டில் தாராளமாக எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விட்டு வைத்ததும் சரியாக வந்தது. மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும்.

நாங்கள் சைவம், முட்டைக்கோஸ்தான். பொடியாக நறுக்கி உப்புப் போட்டுக் கால்மணி நேரம் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அதை அளவாகப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் வைத்தால் தோல் கிழியும், நிறையப் பிழிந்தால் உள்ளே வைக்கோல் மாதிரி இருக்கும். கறியில் கொழுப்பு செய்கிற வேலையைக் காய்கறியில் ஒரு கரண்டி வெண்ணெய் செய்துவிடும்.

கடை அனுபவமும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் வாங்கினேன். மடிப்பெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீர், கடித்தால் சாறே இல்லை, மேல் முடிச்சு மட்டும் வேகாமல் கடினமாக இருந்தது. பாக்கெட்டில் உறையவைத்து வருவதை வாங்கி ஆவி காட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வண்டிக்காரர்மேல் எனக்குக் குறை இல்லை. தனி ஆள், ஒரே அடுப்பு, எப்படி உட்கார்ந்து மடிப்பார்? ஆனால் நல்ல மோமோ என்றால் இதுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

சூளைமேடு

வேலை விஷயமாகக் காத்மாண்டுவில் மூன்று மாதம் இருந்தேன். மோமோ காத்மாண்டு சாப்பாடு என்று பெரியவர் சொன்னது சரி. அங்குள்ள நேவார் இனத்து வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகத் திபெத்தின் லாசாவுக்குப் போய்க் கடை வைத்திருந்தவர்கள். அவர்கள் வழியாகத்தான் மோமோ காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு வந்தது என்பார்கள். நேவாரி மொழியில் அதற்கு 'மமச்சா' என்று பெயர்.

அங்கே ஒரு பிளேட் என்றால் பத்து. அதிகம் விற்பது எருமைக்கறி. பசு நேபாளத்தின் தேசிய விலங்கு, அதை வெட்ட அங்கே சட்டப்படி தடை. எருமைக்கு அந்தத் தடை இல்லை. காலை பத்து மணிக்குச் சோறும் பருப்பும், ராத்திரி மறுபடி சோறும் பருப்பும். நடுவில் பசிக்கிற நேரத்துக்கு 'காஜா' என்கிற சிற்றுண்டி. மோமோ அந்த நேரத்துக்கானது. நம்ம நாலு மணி பஜ்ஜி மாதிரி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோமோ கேட்டபோது நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, "அப்போ சோறு எப்போ சாப்பிடுவே?" என்று கவலைப்பட்டார்.

ஜோல் மோமோவையும் கேட்டுப் பாருங்கள். அந்த அச்சாரையே எள், தக்காளி எல்லாம் சேர்த்து ரசம் மாதிரி நீர்க்கக் கரைத்து, மோமோ மூழ்க ஊற்றித் தருவார்கள். மழைநாளில் அதைக் குடித்தால் காது வரை சூடு ஏறும்.

தாம்பரம்

திமூரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? என் மகளுக்கு ஆறு வயசு.

ராயபுரம்

தூக்குச்சட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் தாத்தா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். கடையெல்லாம் அரசுடைமை ஆகிவிட, கைப்பெட்டியோடு இறங்கினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்ற பல குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

முதலில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் பர்மாவிலிருந்து வந்த நம் ஆட்களே. புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், வறுத்த வெங்காயம், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை, கூட வாழைத்தண்டு சூப். அதில் மீன் வாசம் உண்டு. துறைமுகத்து ஆட்கள் வர ஆரம்பித்ததும், மீன் வாசம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, பாட்டி அதைக் குறைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குச் செய்யும்போது மட்டும் பழையபடி போடுவார். பாட்டி போன பிறகு அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வரவில்லை. அப்பாவுக்குக்கூட அளவு தெரியவில்லை. ஒரே ஒரு வாடிக்கையாளர் "உங்க வீட்டுக்குச் செய்யறதைக் கொடுங்க" என்று கேட்டிருந்தால் பாட்டி எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். நீங்கள் கேட்டீர்கள். அதற்காக நன்றி சொல்லத்தான் எழுதினேன்.

வேளச்சேரி

ராயபுரம் சகோதரி, உங்கள் பாட்டி விஷயத்தை இன்று மாலை பைனியிடம் சொன்னேன். என் தமிழும் அவர் தமிழும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆனது. கேட்டுவிட்டு, அச்சார் அளவுகளை என் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆறு தக்காளியை நேரடி நெருப்பில் கறுக்கச் சுட்டுத் தோலுரிக்க வேண்டும். எள் மூன்று மேசைக்கரண்டி, வெடிக்கிற வரை மட்டும் வறுக்க வேண்டும், சிவந்தால் கசக்கும். பூண்டு நாலு பல், பச்சை மிளகாய் ஐந்து, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்பு. எல்லாம் அரைத்த பிறகு கடைசியில் திமூர் கால் தேக்கரண்டி, கையால் நுணுக்கிப் போட வேண்டும். முன்னாலேயே போட்டு வைத்தால் வாசம் போய்விடுமாம். அம்மியில் அரைத்தால் இன்னும் நல்லது என்றார். என்னிடம் அம்மி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அரைக்கப் போகிறோம்.

தாம்பரம் தம்பி, பைனியின் மகள் அதே வயசில் ஊரில் பாட்டியோடு இருக்கிறாள், அவளுக்குத் திமூர் போடாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் கலப்பார்களாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சூளைமேட்டுக்காரர் சொன்ன ஜோல் மோமோ பலகையில் இல்லை. ஆனால் மழை பெய்கிற நாளில் கேட்டால் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். அச்சார் இப்போது பெரிய பாத்திரத்தில் போடுகிறார்கள், இருந்தும் ஏழு மணிக்குத் தீர்ந்துவிடுகிறது.